நடவு வயல்களுக்குக் கணக்கெடுக்க வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒரு குடும்பத்தில் 6 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் நேற்றைய பொழுதை எவ்விதம் கழித்தார் என்பதை வீடு வீடாகச் சென்று வினவி எழுதும் பொறுப்பைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு முழுவதும் ஒரு முறையும், 2024-ஆம் ஆண்டு முழுவதும் மறு முறையும் நாடெங்கும் நடந்தேறிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இனியும் நடைபெறும் என்ற நம்பிக்கையில், அதன் பொருட்டுக் காவிரிப் படுகையின் நெல் விளையும் ஊர்களுக்கு வரவிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் எந்த ஊருக்கு நீங்கள் அனுப்பப்பட்டாலும், அங்கே நீங்கள் சந்திக்கப்போகும் பெண்களின் காலம் உங்கள் படிவத்தின் கட்டங்களுக்குள் எளிதில் வந்து அமராது. அதற்கான காரணங்களை, இப்பிரதேசத்திலேயே பிறந்து நடவையும் அறுப்பையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் பணியின் கௌரவத்தை நான் நன்கு உணர்ந்தவன். பெண்களின் உழைப்பு என்னும் விஷயத்தில், கேள்வி எவ்வாறு கேட்கப்படுகிறதோ அவ்வாறே பதிலும் அமைகிறது என்பதற்கு நம் தேசத்தின் ஜனத்தொகைக் கணக்கே பெரிய சாட்சியம். 1961-ஆம் ஆண்டின் கணக்கில், வேலைப் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிரமமாக உழைத்தவர்களெல்லாம் தொழிலாளராக எழுதப்பட்டார்கள். 1971-ல் அந்த விதி மாறி, ஒருவருடைய பிரதானமான காரியம் எது என்று கேட்கப்பட்டது. வீட்டையும் வயலையும் ஒருங்கே சுமந்த பெண்கள் அந்த வினாவுக்கு வீட்டையே விடையாகச் சொன்னார்கள். அல்லது அவர்களுக்காக வீட்டு ஆண்கள் அவ்விதம் சொன்னார்கள். 1961-ல் ஏறக்குறைய 6 கோடியாக இருந்த பெண் தொழிலாளரின் தொகை 1971-ல் 3 கோடியைச் சற்றே கடந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தப் பத்தாண்டில்தான் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடைமுறையில் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த குறுகிய கால நெல்லாகிய ஏடிடி 27 பரவியது. ஒருபோகமாகக் கிடந்த நிலங்கள் பல இருபோகமாயின. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் பெண்களின் கைகள் முன்னிலும் அதிகமாகத் தேவைப்பட்டன. வயலில் வேலை பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த வேலையைச் செய்தவர்கள் ஏட்டிலிருந்து மறைந்துபோனார்கள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இந்தக் குறையை அறிந்தே பொருளியலாளர் தேவகி ஜெயின் முதலியோர் 1976-77-ல் ராஜஸ்தானத்திலும் மேற்கு வங்காளத்திலும் சில கிராமங்களைத் தேர்ந்து, அவ்வூர்களிலேயே ஆய்வாளர்களைத் தங்கவைத்து, குடும்பத்தாரின் பொழுதை எழுதுவித்தார்கள்; வேலையற்றவர் என்று சர்க்கார் ஏடு சொன்ன பெண்களிற் பலர் நாளெல்லாம் உழைப்பவர்கள் என்பது அப்போது தெளிவாயிற்று. 1982-ல் ஆய்வாளர்களாகிய ஜோன் மெஞ்சரும் கே. சாரதாமணியும் தமிழகம், கேரளம், மேற்கு வங்காளம் ஆகிய மூன்று நெல் மாநிலங்களின் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை, நிலமற்ற குடும்பம் அப்பெண்களின் கூலியை எவ்வளவு தூரம் நம்பி நிற்கிறது என்பதைப் புலப்படுத்தியது. அதன் பிறகு 1998-99-ல் 6 மாநிலங்களில் 18,591 குடும்பங்களைக் கொண்டு சோதனை முறையில் நேரக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆகவே உங்கள் கையிலிருக்கும் படிவம், பலர் பல்லாண்டு வாதாடிப் பெற்ற படிவம் என்பதை நீங்கள் மறக்கலாகாது.

அந்தப் படிவத்தின் அமைப்பை நீங்கள் என்னைக் காட்டிலும் நன்கு அறிவீர்கள். முந்தின நாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணியோடு முடியும் ஒரு தினத்தை, அரை மணி அரை மணியாக 48 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒரே கூறில் பல காரியங்கள் நடந்திருந்தால், 10 நிமிஷத்துக்குக் குறையாத காரியங்களை எழுதி, அவற்றுள் பிரதானமானது எதுவென்று குறித்துக்கொள்கிறீர்கள். இவ்விதம் திரட்டிய விவரங்களிலிருந்து, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 2019-ல் 299 நிமிஷமும் 2024-ல் 289 நிமிஷமும் செலவிட்டார்கள் என்றும், ஆண்களுள் அவ்வேலையில் ஈடுபட்டவர்கள் முறையே 97 நிமிஷமும் 88 நிமிஷமும் செலவிட்டார்கள் என்றும் தேசம் அறிந்துகொண்டது. இந்த எண்கள் மதிப்புள்ளவை. ஆயினும் இவை சராசரிகள். நகரமும் கிராமமும், மழையும் கோடையும், வேலை நாளும் ஓய்வு நாளும் கலந்து கரைந்தவை. நெல் விளையும் ஊரிலோ ஒரு பெண்ணின் வருஷம் அவ்வாறு சமனாகப் பரவிக்கிடப்பதில்லை. சில வாரங்களில் அது குவிந்து கழுத்தை நெரிக்கிறது. சில மாதங்களில் கூலிக்கு வழியின்றி வறண்டு கிடக்கிறது.

எங்கள் ஊர்களின் காலத்தை நிர்ணயிப்பது காவிரி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டால், ஆனி, ஆடியில் குறுவை நடவு. புரட்டாசி வாக்கில் சம்பா நடவு. குறுவையை அறுத்த தாளிலேயே உழுது ஐப்பசியில் தாளடி நடவு. இவற்றுள் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான் மிகவும் கடுமையான நாட்கள். குறுவை முற்றி அறுப்புக்கு நிற்கும். அறுத்த நெல் காயவேண்டும். தாளடி நாற்று வயது தப்புவதற்குள் நடப்படவேண்டும். வடகிழக்குப் பருவமழை இவ்வளவின் மீதும் பெய்துகொண்டிருக்கும். தீபாவளியும் அதற்குள்ளேயே வந்து நிற்கும். நீங்கள் ஒரு வீட்டுக்கு ஐப்பசியில் போவதும் பங்குனியில் போவதும், ஒரே பெண்ணின் இரண்டு வெவ்வேறு ஜீவிதங்களைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கணக்கெடுப்பு வருஷம் முழுவதும் பரவி நடப்பதால் மொத்தத்தில் இது சரியாகிவிடும் என்று உங்கள் மேலதிகாரிகள் சொல்லக்கூடும். மொத்தம் சரியாகலாம்; ஆனால் அவள் தூக்கத்தை இழந்த அந்த ஆறேழு வாரங்கள், அவள் கூலியின்றி இருந்த மாதங்களோடு கூட்டி வகுக்கப்படும்போது இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்பதும் உண்மை.

நடவைக் கொஞ்சம் நெருங்கி நின்று பாருங்கள். பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வயலெங்கும் வீசப்பட்டிருக்கும். நாற்றுப் பறிப்பது பல ஊர்களில் ஆண்களின் வேலை. சில ஊர்களில் பெண்களே பறிக்கிறார்கள். நடுவது பெரும்பாலும் பெண்கள்தாம். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, மேலே ஓர் ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு, வரிசையாக வயலுக்குள் இறங்குவார்கள். முடியைப் பிரித்து இடக்கையில் ஏந்தி, வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களுமாக இரண்டு மூன்று நாற்றைத் தனியே பிரித்தெடுத்து, வேர் மடங்காமல், ஆழமும் மிஞ்சாமல் சேற்றில் ஊன்றி, பின்னோக்கி நகர்ந்துகொண்டே போவார்கள். 20 செண்டிமீட்டருக்கு 10 செண்டிமீட்டர் இடைவெளியில், ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்கவேண்டும் என்பது மத்திய கால நெல்லுக்கு வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. அக்கணக்கின்படி ஓர் ஏக்கருக்கு 2 லட்சம் குத்து. 12 பெண்கள் ஒரு நாளில் ஓர் ஏக்கர் நட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 17,000 குத்து. நடைமுறையில் குத்து எட்ட எட்ட விழுந்து இத்தொகை குறையலாம். குறைந்தாலும் பல்லாயிரம் முறை அந்தக் கை சேற்றுக்குள் போய் மீள்கிறது, அவ்வளவு நேரமும் இடுப்பு நிமிராமல் வளைந்தே இருக்கிறது. உங்கள் படிவத்தில் இது 'பயிர் வளர்த்தல்' என்ற ஒரே குறியீடாக, பன்னிரண்டு பதின்மூன்று கட்டங்களில், ஒரே மாதிரியாக வந்து விழும். அதை மாற்ற உங்களால் இயலாது என்பதை அறிவேன். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சரியாக எழுத உங்களால் இயலும்.

முன்னே உள்ளது என்ன? நடவுக்காலத்தில் ஒரு பெண் விடியற்காலை 4 மணிக்கு எழுந்திருப்பதாகக் கொள்ளுங்கள். பலர் அதற்கும் முன்பே எழுகிறார்கள் என்பதால், உங்கள் தினம் தொடங்கும்போது அவளுடைய தினம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். வாசல் தெளித்து, பாத்திரம் துலக்கி, தண்ணீர் பிடித்து, மாடு இருந்தால் சாணி அள்ளி, பால் கறந்து, சோறு வடித்துக் குழம்பு வைத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையையும் தன் தூக்குவாளியையும் ஆயத்தம் செய்து, ஆறு மணிக்குள் தெருமுனையில் நிற்கவேண்டும். உள்ளூர் வயலென்றால் நடந்து போவாள். இக்காலத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரு தலைவியின் பொறுப்பில், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவு எடுப்பது பெருகிவிட்டபடியால், லோடு ஆட்டோவில் நின்றபடி பல மைல் தூரம் போகிறார்கள். அந்தப் பயணம் வேலையைச் சார்ந்ததுதான். அதை வேலையோடு சேர்த்தே எழுதுங்கள். பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ நடவு கரையேறிய பின், பின்னே உள்ளது தொடங்குகிறது. ஆண் கூலியாள் கரையேறினால் அவனுடைய வேலைநாள் அத்தோடு முடிந்தது. இவளோ வரப்பில் அறுத்த புல்லுக்கட்டையோ ஒடித்த சுள்ளியையோ தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அந்தக் கட்டைப் பற்றி எவரும் கேட்காவிட்டால் அவள் சொல்லமாட்டாள். வயலிலிருந்து வீட்டுக்கு வந்தேன் என்றுதான் சொல்வாள். நீங்களும் 'பயணம்' என்று எழுதிவிடுவீர்கள். மாட்டுத் தீவனமும் விறகும் சேகரித்த நேரம் அதற்குள்ளேயே புதைந்துபோகும்.

களை எடுப்பு வேறு வகையானது. நட்ட 15, 20 நாளில் முதற்களையும், 35, 40 நாளில் இரண்டாங்களையும் எடுப்பது வழக்கம். களைக்கொல்லி தெளிப்பது மலிந்த பிறகு அந்த நாட்கள் குறைந்துவிட்டன. கடைமடைப் பகுதியில் தண்ணீரை நம்ப முடியாமல் நேரடி விதைப்புக்கு மாறிய நிலங்களில் நடவே இல்லை, களையோ அதிகம். திருந்திய நெல் சாகுபடி வந்தபோது கோனோ களைக்கருவியை நின்றபடியே உருட்டலாம், பெண்களின் முதுகு தப்பிக்கும் என்று சொன்னார்கள். நடந்தது என்னவென்றால், கருவி வந்த இடத்தில் அதைப் பிடிக்கும் கை பெரும்பாலும் ஆணின் கையாயிற்று. குனிந்து செய்யும்வரை பெண்களுடையதாக இருந்த வேலை, நிமிர்ந்து செய்யலாம் என்றானவுடன் கூலியோடு கைமாறிப்போவதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் நடவும் களையும் பெண்ணுக்கு, உழவும் பரம்பும் வரப்பு வெட்டும் ஆணுக்கு என்று வேலையே பிரிந்து கிடக்கும் இடத்தில், ஒரே வேலைக்கு ஒரே கூலி என்னும் விதியால் விளையும் பிரயோஜனம் சொற்பம்.

அறுப்பைப் பற்றி நீங்கள் கேட்கும்போது, வயதான பெண்களிடம் பழைய அறுப்பையும் கேளுங்கள்; உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றாலும் கேளுங்கள். கருக்கரிவாளால் அறுத்து, அரி அரியாகப் போட்டு, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றி, பதர் நீக்கிக் கண்டுமுதல் காணும் வரையில் ஆணும் பெண்ணுமாகச் செய்த அவ்வேலைக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு வந்த அந்த நெல்தான், ஒரு கூலிக் குடும்பம் மழைக்காலத்தில் அடுப்பு மூட்டுவதற்கு ஆதாரமாயிருந்தது. அந்தக் கூலியை உயர்த்திக் கேட்ட பிணக்கில்தான் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். மாண்டவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்று பெல்ட் மிஷின் சேற்று வயலுக்குள்ளேயே இறங்கி ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்து அடித்துக் கொட்டிவிடுகிறது. முதுகொடியும் உழைப்பு குறைந்தது நல்லதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைப்போடு கூலி நெல்லும் போயிற்று. மிஷின் திரும்ப முடியாத வயல் மூலைகளை முன்கூட்டி அறுத்து வைப்பதும், மழையில் சாய்ந்து மிஷினுக்கு அகப்படாத கதிரை அறுப்பதும், வைக்கோல் கட்டுவதும் பெண்களுக்கு மிஞ்சியிருக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் இம்மாநிலத்தில் மிகப் பெரும்பான்மையாகப் பெண்களே இருந்துவந்ததன் காரணத்தை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். அப்பெண்களுக்குச் சோம்பல் என்றும், நடவுக்கு ஆள் கிடைக்காததற்கு அத்திட்டமே காரணம் என்றும் ஊரில் சிலர் உங்களிடம் சொல்வார்கள். வருஷத்தில் அப்பெண்கள் கூலி பெற்ற நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு அந்த அபிப்பிராயத்தை மதிப்பிடுங்கள்.

அறுத்த நெல் விலையாவதற்குள் செல்லும் காலத்தையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. மழை மிஞ்சிய வருஷங்களில் அரசு விசேஷ அனுமதி பெற்று இவ்வரம்பைத் தளர்த்துவதுண்டு. ஐப்பசி மழையில் அறுத்த குறுவை நெல் அந்த வரம்புக்கு எளிதில் இறங்காது. எனவே தார்ச்சாலையின் ஓரத்தில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டி, கல்லை எல்லையாக வைத்து, பெண்கள் அதைக் காலால் துழாவித் துழாவிச் சால் இழுத்துக்கொண்டிருப்பதை நீங்கள் பஸ்ஸில் வரும்போதே காண்பீர்கள். வெயில் எட்டிப் பார்த்தால் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போடுவதும், மறுபடி பரப்புவதுமாக ஒரு பகல் போகும். இரண்டு துழாவலுக்கு நடுவே அவள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பாள். அந்த அரை மணியை எப்படி எழுதுவீர்கள்? ஓய்வு என்று எழுதினால் அது பிழை. வாகனத்தையும் ஆட்டையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு, எழுந்து போக முடியாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நெல்லுக்குக் காவலாக இருக்கும் அந்நேரம் வேலை நேரமே.

இனி, வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கத் தொடங்கிய பின், கூலிக் குடும்பங்களில் நெல் அவிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. சொந்த நிலமுள்ள வீடுகளில் இன்னும் அது நடக்கிறது. முதல் நாளே அண்டாவில் ஊறவைத்து, விடியுமுன் அடுப்பேற்றி, நெல் வாய்பிளக்கும் பதத்தில் இறக்கி, களத்தில் பரப்பி, ஈரம் ஓரிடத்தில் தங்காமல் கிளறி, கோழியையும் காக்கையையும் விரட்டி, இரண்டொரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, பதம் தப்புவதற்கு முன் மூட்டையாகக் கட்டி மில்லுக்கு அனுப்பி, வந்த அரிசியைப் புடைத்து, குருணை வேறு தவிடு வேறாகப் பிரித்து வைப்பது வரை எல்லாம் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட தேசியக் கணக்கு முறைப்படி, தன் வீட்டு உபயோகத்துக்கே ஆனாலும் ஒரு பொருளை உற்பத்தி செய்வதும் பதப்படுத்துவதும் உற்பத்தியைச் சேர்ந்தவை. சமைப்பது அதைச் சேராது. ஆகவே அவிப்பதும் காயவைப்பதும் புடைப்பதும் தேசத்தின் உற்பத்தி. அந்த அரிசியையே உலையில் இட்டால் அது வீட்டுப் பணி. இந்த எல்லையை வகுத்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும், எல்லைக்கு உள்ளே இருப்பதையாவது முழுமையாக எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் இதையெல்லாம் சேர்த்து 'வீட்டு வேலை' என்பாள். நெல்லோடு எந்தெந்தக் காரியம் செய்தாய் என்று தனியே கேட்டால்தான் அது உரிய இடத்தில் போய் விழும்.

சொந்த நிலமுள்ள வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஏனெனில் அவளுடைய உழைப்புக்குக் கூலி என்ற அடையாளம்கூட இல்லை. பட்டாவும் சிட்டாவும் கணவன் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். அந்த ஆண்மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, விதை வாங்குவதும், ஆள் கூப்பிடுவதும், நடவாட்களுக்குத் தேநீர் கொண்டுபோவதும், மடை பார்ப்பதும், உர மூட்டைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நிற்பதும் அவளே. மேட்டூர் நீர் பிந்தும் வருஷங்களில் ஆழ்குழாயை நம்பிக் குறுவை நாற்று விடுபவர்களுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் தண்ணீர்; அது நள்ளிரவில் வந்தால் டார்ச் விளக்கோடு வயலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறாள். அந்த இரவைப் பற்றி, தூங்கினேன் என்று அவள் சொன்னாலும், நடுவில் எழுந்தாயா என்று ஒரு கேள்வி அதிகம் கேளுங்கள். வெளியூரிலிருக்கும் கணவனை விவசாயி என்றும் அவளைக் குடும்பத் தலைவி என்றும் குறித்துவிட்டு வருவது மிகவும் சுலபம். சுலபமான அந்தக் காரியத்தைத்தான் ஏடுகள் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கின்றன.

இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். நெல் காயும் களத்தில் மடியில் பேரக்குழந்தை தூங்கும். கை உளுந்து புடைத்துக்கொண்டிருக்கும். பிரதானம் எது என்று கேட்டால் அவள் குழந்தையைச் சொல்லலாம், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்களோ அதைச் சொல்லலாம். மூன்றையும் எழுதுங்கள். வேலையின் பின்விளைவாகச் செலவாகும் நேரமும் உண்டு. நடவுக் காலத்தில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் கண்டு, இரவில் மருதாணியை அரைத்துப் பற்றுப்போட்டுக்கொண்டு, மறுநாள் அதே சேற்றில் இறங்குகிறவர்கள் அநேகர். அந்தச் சேற்றிலேயே தொற்றிய எலிக்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற பகல், உங்கள் ஏட்டில் அவளுடைய சொந்தப் பராமரிப்பாகப் போய்ச் சேரும். அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் குறிப்புப் பகுதியில் இரண்டு சொல் எழுதினால், பின்னால் அதை ஆராய்பவர் கண்ணில் படும்.

நீங்கள் வாசலில் நின்று நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டவுடனே, 'நான் என்னத்த செஞ்சேன் தம்பி, வீட்லதான் கெடந்தேன்' என்று அநேகமாக எல்லாப் பெண்களும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கூலி வராத நாள் வேலை நாள் அல்ல என்று ஊரும் வீடும் சர்க்காரும் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றன. ஆகையால் கடிகாரத்தைக் கொண்டு மட்டும் கேளாதீர்கள். வாசல் தெளித்தது முதலாகக் கேளுங்கள். பள்ளிக்கூட வண்டி வந்த நேரம், கஞ்சி குடித்த நேரம், நடவு கரையேறிய நேரம், கரண்ட் வந்த நேரம், மாடு கட்டிய நேரம் என்று அவர்களுடைய பொழுதின் அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். கணவனோ மகனோ குறுக்கே வந்து அவளுக்காகப் பதில் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மீண்டும் அவளிடமே திரும்புங்கள். நடவு நடுபவர்களிற் பெரும்பாலோர் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அத்தெருவுக்கு உங்களை அழைத்துப்போகாமல் ஊரின் நடுத்தெருவோடு வேலையை முடித்துக்கொடுக்க முன்வரும் பெரிய மனிதர்கள் இருந்தால், அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நீங்களே நடந்து போங்கள். அங்கே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

வேளையைப் பற்றி ஒரு வேண்டுகோள். நடவுக் காலத்தில் காலையில் போனால் வீட்டில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் போனால் அவள் நின்றுகொண்டே தூங்கும் நிலையில் இருப்பாள், உங்களை அனுப்பிவிடுவதற்காக எதையாவது சொல்வாள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல், குளித்துவிட்டு ஈரத்தலையோடு திண்ணையில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் போங்கள். அப்போதும் அவள் கை கீரை ஆய்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் பேசுவாள். படிவத்தை எழுதி முடித்தவுடன் மூடிவிடாமல், விடியற்காலையிலிருந்து நீங்கள் எழுதியதை அவளுக்குப் புரியும்படி ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். 'அதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தழை ஒடிச்சேன், அத எழுதலயே' என்று அவளே திருத்துவாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து ஒன்றிரண்டு சேர்ப்பாள். அந்தத் திருத்தங்களுக்காக வீட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்கித் தரும்படி உங்கள் மேற்பார்வையாளரிடம் ஊருக்குப் புறப்படுமுன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு இத்தனை வீடு முடிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உங்கள் மீது இருக்கும் வரையில், நான் மேலே கேட்டுக்கொண்டவற்றில் பாதியைக்கூட உங்களால் செய்ய முடியாது.

இங்ஙனம்,
தங்கள் நலம் விரும்பும்
காவிரிப் படுகைவாசி ஒருவன்